ஏழாவது கை

ஜனவரி 20, வெள்ளி

ஸ்டுடியோ திறந்தாயிற்று. ‘மங்கை போர்ட்ரெய்ட்ஸ், பெண்களுக்கு மட்டும்’ என்று ஃப்ளெக்ஸ் போர்டு. முன்னறைதான் ஸ்டுடியோ. சோபாவைத் தூக்கிப் பின்கட்டில் போட்டாயிற்று, இனி விருந்தாளி வந்தால் பாயில் உட்காரட்டும்.

அருப்புக்கோட்டையில் ஸ்டுடியோவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஆம்பளைகள். கொஞ்சம் நிமிரு, முந்தானையைச் சரி பண்ணு என்று அவன்கள் சொன்னதும் பெண்பிள்ளைகள் கூசிக் குறுகிப் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதுபோல நிற்கிறார்கள். பெண்களுக்குப் பெண்ணே எடுத்தால் என்ன என்ற யோசனை எனக்குத்தான் வந்தது. இதை இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு வேறு யாரும் பங்கு கேட்கக் கூடாது.

எடுக்கப் போவது பாண்டீஸ்வரி. என் தம்பி குணசீலனின் மனைவி. போன புரட்டாசியில் ஒரு கல்யாண வேலையை முடித்துவிட்டு பைக்கில் வந்தவனை லாரி அடித்துவிட்டது. அவன் போய்விட்டான், தோளில் கிடந்த கேமரா ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. அவன் பழக்கிவிட்ட கை அவளுக்கு. அவளையும் ஏழு வயசுக் கயலையும் நான்தான் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். விட்டிருந்தால் ஊர் என்னைத்தான் ஏசியிருக்கும்.

குத்துவிளக்கை நான் ஏற்றினேன். பாண்டீஸ்வரி அடுப்படியிலேயே நின்றுகொண்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

இவர், என் வீட்டுக்காரர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். திறப்புக்கு வரவில்லை. ஆர்டர் அவசரமாக இருக்கும்.

ஜனவரி 26, வியாழன்

லைட் வாங்கக் காசில்லை. பாண்டீஸ்வரி தெற்கு ஜன்னலைக் காட்டி, “இதவிட நல்ல லைட்டு எந்தக் கடையிலயும் கெடைக்காது மதினி” என்றாள். எதிர்ப்பக்கம் தெர்மாக்கோல் அட்டையை நாற்காலியில் சாய்த்து வைத்து வெளிச்சத்தைத் திருப்பிவிட்டாள். பின்னால் தொங்கவிட என் முகூர்த்தப் பட்டைக் கேட்டாள். கொடுத்தேன். பீரோவில் சும்மாதானே கிடக்கிறது, எங்கே கட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

கவரிங் நகை ஒரு செட் ஃபேன்சி ஸ்டோர்க்காரரிடம் வாடகைக்குப் பேசியிருக்கிறேன். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், ஆரம், தாலிச்சங்கிலி எல்லாம் உண்டு. கல்யாணம் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஒரே செட் போதும்.

பிப்ரவரி 10, வெள்ளி

ஜாதகத்தோடு அனுப்ப ஒரு பெண்ணுக்குப் போட்டோ. சிரி என்றால் பல்லைக் கடிக்கிறாள். பாண்டீஸ்வரி ஒரு முழம் மல்லிகையை அவள் கையில் கொடுத்து, “வாசம் இருக்கா, நேத்துப் பூவான்னு பாத்துச் சொல்லுப்பா” என்றாள். அவள் மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது எடுத்துவிட்டாள். பெண்ணின் அப்பா படத்தை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய் மறுபடி மறுபடி பார்த்தார். தன் மகள் இவ்வளவு அழகா என்று அவருக்கே அதுவரை தெரியாது போலிருக்கிறது.

என்னையும் ஒன்று எடுத்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணில் ஏதோ தெரிகிறது. அழிக்கச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

பந்தல்குடியிலிருந்து ஒரு அம்மா, வயதுக்கு வந்த மகளைக் கூட்டி வந்தாள். சடங்கு முடிந்து சடை பின்னிப் பூத் தைத்து, கண்ணாடி முன்னால் பின்னழகு தெரிய எடுக்க வேண்டும். அதுவரை எல்லாம் சரி. பாண்டீஸ்வரி கேமராவோடு உள்ளேயிருந்து வந்ததும் அந்த அம்மாவின் கண் நேரே அவள் நெற்றிக்குப் போனது. அப்புறம் கழுத்துக்கு.

“தப்பா எடுத்துக்காதீக. புள்ளைக்கு மொத மொதல்ல எடுக்கிற படம். வேற யாரும் இல்லையா?”

இல்லை என்றேன். மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண் பூச்சடை கனக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. பாண்டீஸ்வரி லென்ஸை மூடி வைத்துவிட்டு மாவாட்டப் போய்விட்டாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. நல்ல கிராக்கி.

பிப்ரவரி 28, செவ்வாய்

இன்றும் ஒருத்தி வாசலோடு திரும்பினாள்.

மார்ச் 5, ஞாயிறு

யோசனை சொன்னேன். அருப்புக்கோட்டையில்தான் இவள் யார் என்று தெரியும். சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் யாருக்குத் தெரியும்? வீட்டுக்கே வந்து எடுத்துத் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு போவோம். ஸ்டுடியோவுக்குச் செலவு செய்கிற தொல்லையும் மிச்சம். நெற்றியில் ஒரு பொட்டு, நகை செட்டில் கிடக்கிற தாலிச்சங்கிலி. அவ்வளவுதான் விஷயம்.

அவள் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தாள்.

“என்ன மதினி இப்பிடிச் சொல்றீக. அவுக கட்டுனத கழட்டி இன்னும் வருசம் திரும்பல.”

“கழட்டுனது தங்கம். இது கவரிங். இதப் போய் அதோட சேத்துப் பேசுற.”

“எனக்கு மனசு வரல மதினி.”

“அப்ப உங்கம்மா வீட்டுக்குப் போ. அங்க உங்கண்ணன் பொண்டாட்டி தட்டுல சோறு போட்டு வச்சுக் காத்துக்கிட்டு இருப்பா.”

நான் கோபத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன். அவள் துணி துவைக்கப் போய்விட்டாள். விளக்கு வைக்கிற நேரம் வந்து, “எந்தப் பொட்டு மதினி, சின்னதா பெருசா?” என்று கேட்டாள்.

மார்ச் 12, ஞாயிறு

கோவில்பட்டி. ஒரே வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்களுக்கும் எடுத்தோம். காப்பி, பலகாரம், நல்ல உபசரிப்பு. ‘உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரு’ என்று அவர்கள் பாண்டீஸ்வரியிடம் கேட்டதற்கு நான் முந்திக்கொண்டு, “அவரும் போட்டோகிராபர்தான்” என்றேன். பொய் இல்லையே.

காலையில் கிளம்பும்போது ஒரு சின்னத் தகராறு. பொட்டும் சங்கிலியுமாக அம்மாவைப் பார்த்த கயல் ஓடிப் போய் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “அப்பா வந்துட்டாகளாம்மா?” என்று கேட்டது. பாண்டீஸ்வரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குழந்தைக்கு விவரம் போதாது.

ஏப்ரல் 6, வியாழன்

பங்குனிப் பொங்கலுக்கும் இவர் வரவில்லை. திருப்பூருக்குப் போன் போட்டேன். ஒரு பொம்பளை எடுத்தாள். ராங் நம்பர் போலிருக்கிறது. மறுபடி போட்டேன். அதே ராங் நம்பர்.

பாண்டீஸ்வரி, “அண்ணன் வாராகளா மதினி?” என்று கேட்டாள். ஆடிக்கு வருவார் என்றேன். “சரி மதினி” என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. புருஷன் இல்லாதவள் என்னைப் பார்த்துப் பாவப்படுகிறாளாம்.

வேலை மளமளவென்று வருகிறது. இந்த மாதம் எல்லா ஞாயிறும் வெளியூர்தான்.

மே 17, புதன்

கேமரா பையைத் துடைக்கும்போது உள் ஜிப்பில் ஒரு மெமரி கார்டு கிடைத்தது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். தம்பி எடுத்த படங்கள். எல்லாம் இவள்தான். துணி காயப்போடுகிறாள், பஸ் ஜன்னலில் தூங்குகிறாள், கயலை வயிற்றில் வைத்துக்கொண்டு மாங்காய் கடிக்கிறாள், கோபத்தில் கரண்டியை ஓங்கிக்கொண்டு வருகிறாள். போகப் போக வந்துகொண்டே இருக்கிறது. ஒரே பொம்பளையை ஒருத்தன் எத்தனை தடவை எடுப்பான்? கல்யாண வீட்டில் பிழைப்பைப் பார்க்காமல் இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

நான் மத்தியானச் சமையலையும் மறந்து கடைசிவரை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கார்டு பற்றவில்லை, புதிது வாங்கினால் வீண் செலவு. அழித்துவிட்டுப் பையில் வைத்தேன்.

மே 19, வெள்ளி

பாண்டீஸ்வரிக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அழவெல்லாம் இல்லை. “கேட்டுட்டு அழிச்சிருக்கலாமே மதினி” என்றாள், அவ்வளவுதான். ரெண்டு நாளாகச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. நானும் கெஞ்சவில்லை.

ஜூன் 14, புதன்

பெரிய இடம் ஒன்று மாட்டியிருக்கிறது. சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற ராஜாமணி அம்மாளின் மருமகள் பவதாரிணிக்கு வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். ஏற்கெனவே இரண்டு தடவை தங்காமல் போய், இது மூன்றாவது. அதனால் ஊரையே கூட்டிச் செய்கிறார்கள். கோவில்பட்டி வீட்டில் எங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார்கள். இதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் சாத்தூர் முழுக்க நம் கையில்.

“ஒண்ணும் சொதப்பிறாத தாயி” என்று பாண்டீஸ்வரியிடம் சொல்லி வைத்தேன்.

ஜூன் 25, ஞாயிறு

கால் வலி உயிர் போகிறது. இருந்தாலும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

காலையிலேயே போய்விட்டோம். பவதாரிணி நல்ல பெண். வயிறு பாரம் தாங்காமல் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பாண்டீஸ்வரி அவள் முதுகுக்குத் தலையணை வைத்து, மாடி ஜன்னலோரம் சாய வைத்து, “புள்ள இப்ப எங்கன உதைக்குதுன்னு தொட்டுக் காட்டுங்க” என்றாள். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு குனிந்து சிரித்தபோது எடுத்தாள். ராஜாமணி அம்மாள் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏழு சுமங்கலிகள் சந்தனம் பூசி வளையல் போட வேண்டும். நல்ல நேரம் முடியப் போகிற சமயத்தில் பார்த்தால் ஐந்து பேர்தான் நிற்கிறார்கள். ஒருத்தி விருதுநகரிலிருந்து வந்து சேரவில்லை. ஒருத்தி அப்போதுதான் வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். மற்ற பெண்கள் எல்லாம் பந்தியில் உட்கார்ந்து இலையில் கை வைத்தாயிற்று, எழுப்ப முடியாது. ராஜாமணி அம்மாள் என்னைக் கூப்பிட்டார். போனேன். ஆறாவதாக நான் போட்டேன். நான் சுமங்கலி, எனக்கு என்ன வந்தது.

“நீயும் வாம்மா” என்று பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டார். “எம் மருமகள அம்புட்டு அழகாப் புடிச்ச. நெறைஞ்ச முகம். நீ போட்டா ஏழு ஆயிரும்.”

“நான் படம் எடுக்கணும்மா.”

“அத ஒங்க மதினி எடுக்கட்டும். நேரம் போகுது, வா.”

பாண்டீஸ்வரி என்னைப் பார்த்தாள். கூட்டம் முழுக்க எங்களைப் பார்க்கிறது. நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கையை நீட்டிக் கேமராவை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அவள் சந்தனம் பூசி வளையல் போட்டாள். “ஒங்க கை ஏன்க்கா இப்பிடிக் குளுருது?” என்று பவதாரிணி கேட்டாள். இவளுக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் அதை எடுத்தேன். இத்தனை மாதத்தில் நான் எடுத்த ஒரே படம். அப்படி வந்திருக்கிறது. சந்தனம் பூசிய கை, பச்சை வளையல், அழுதுகொண்டே சிரிக்கிற இரண்டு முகம். இவளுக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

பஸ்ஸில் அவள் பொட்டை எடுத்துவிட்டு, “பாவம் பண்ணிட்டேன் மதினி” என்றாள். பேசாமல் வா என்றேன்.

ஜூன் 26, திங்கள்

என் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். ‘மங்கை போர்ட்ரெய்ட்ஸ், படம்: ஜெயசுதா’. என் பெயரைப் போட்டது இதுதான் முதல் தடவை. வரிசையாக ஹார்ட் வந்து விழுகிறது. பாண்டீஸ்வரி, “என் மூஞ்சி தெரியுது மதினி, எடுத்துருங்க” என்றாள். பொறாமை.

ஜூன் 28, புதன்

எங்கள் தெரு டெய்லர் சரஸ்வதியின் தங்கை சாத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சரஸ்வதி படத்தைப் பார்த்துவிட்டு அவளுக்கு அனுப்பி, ‘இது செத்துப்போன குணசீலன் பெண்டாட்டியல்லவா, எந்த வீட்டு வளைகாப்பு இது’ என்று கேட்டிருக்கிறாள். இரண்டே நாளில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ராஜாமணி அம்மாள் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. அவளைக் கூட்டிக்கொண்டு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 30, வெள்ளி

போய்விட்டு வந்தோம். சங்கிலியும் பொட்டும் போட்டுக்கொண்டு வந்த அதே கோலத்தில் வர வேண்டும் என்பது ராஜாமணி அம்மாளின் உத்தரவு. நடுக்கூடத்தில் சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“ஏற்கெனவே ரெண்டு போச்சு. இத எப்பிடிக் காப்பாத்தப் போறோமின்னு போகாத கோயில் இல்ல. அறுத்துட்டு வந்தவ எம் மருமக கையத் தொட்டு வளையல் போட்டிருக்கா. ஒனக்கும் ஒரு புள்ள இருக்காமே, ஒனக்கு எப்பிடிடி மனசு வந்துச்சு?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் தொழில், என் பெயர். “நான் வேணாமுன்னுதாம்மா கண்ணக் காட்டுனேன். அவளா ஆசப்பட்டுப் போயிட்டா” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? இரண்டு பேரும் சேர்ந்து முழுகினால் யாருக்கு லாபம்?

பாண்டீஸ்வரி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆமாம்மா. மதினி சொன்னாக. நாந்தான் கேக்கல” என்றாள்.

அவள் அப்படிச் சொன்னது எனக்கு அடியோடு பிடிக்கவில்லை. என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெரிய மனசு காட்டுகிறாள்.

சத்தம் கேட்டுப் பவதாரிணி மாடியிலிருந்து மெல்ல இறங்கி வந்தாள். “அந்தக்காவ ஒண்ணும் சொல்லாதீகத்தை” என்றாள். பாண்டீஸ்வரி காலில் விழப் போனாள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து இவளைத் தடுக்க, “தொடாத” என்று ராஜாமணி அம்மாள் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் விலகிக்கொண்டார்கள். “இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சு, அது ஒங் கையாலதான். சாகுற வரைக்கும் நெனச்சுக்க.”

பாண்டீஸ்வரி சங்கிலியைத் தானே கழற்றி அங்கேயே தரையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். நான் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். செட்டில் ஒன்று குறைந்தால் ஃபேன்சி ஸ்டோர்க்காரர் சும்மா விடமாட்டார்.

பஸ் ஸ்டாண்டில், “புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மதினி?” என்று கேட்டாள்.

“நான் என்ன டாக்டரா?” என்றேன்.

ஜூலை 2, ஞாயிறு

பாண்டீஸ்வரி திருச்சுழி பக்கம் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போகச் சொல்லவில்லை. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள், கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருப்பது நல்லது என்றுதான் சொன்னேன்.

கேமரா பையைத் தோளில் மாட்டினாள். “அது என் தம்பி கேமரா” என்றேன். கழற்றி வைத்துவிட்டாள். கயல் மட்டும், “அது எங்கப்பாவோடது” என்று முறைத்துக்கொண்டு நின்றது. வாய் நீளம்.

ஜூலை 18, செவ்வாய்

வாராவாரம் செவ்வாய்க்கிழமை போன் வந்துவிடுகிறது. மாரியம்மனுக்கு விரதமாம், பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாதாம். நல்லா இருக்கீகளா என்று ஒரு வார்த்தை, அப்புறம் நேரே, “சாத்தூர்லருந்து ஏதும் சேதி உண்டா மதினி?”

“அந்த நம்பரக் குடுங்க மதினி, நானே கேட்டுக்கிறேன்” என்றும் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் கோபம் இன்னும் தணியவில்லை, போன் பண்ணிக் கெடுத்துவிடாதே என்றேன்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்து ராஜாமணி அம்மாள் மனம் இறங்கினால், கோவில்பட்டிப் பக்கம் ஒரு அறை பார்த்துச் சின்னதாக ஸ்டுடியோ போடலாம் என்று அவளுக்கு எண்ணம். கேமராவுக்கு என்ன செய்வாளோ. அதை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

கோவில்பட்டியில் ஒரு வீடு. நானே எடுத்தேன். பாதிப் படத்தில் ஆட்டம், மீதியில் நெற்றி வெட்டுப்பட்டிருக்கிறது. மல்லிகையை மோந்து பார்க்கச் சொன்னேன், அந்தப் பெண் தும்மித் தொலைத்தாள். “போன தடவ வந்த அக்கா வரலையா?” என்று நாலு தடவை கேட்டுவிட்டார்கள். இந்தக் கேமராவே இப்படித்தான், பழசு.

ஆகஸ்ட் 9, புதன்

சாத்தூரிலிருந்து ராஜாமணி அம்மாளே பேசினார். நேற்று பவதாரிணிக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். குரலில் பழைய அதிகாரம் எதுவும் இல்லை.

“அந்தப் பிள்ளைய வையாத வசவெல்லாம் வஞ்சுட்டேம்மா. ரெண்டு தங்காம போன வயித்துல, அவ கை பட்ட பெறகுதான் ஒண்ணு தங்கி வந்திருக்கு. எம் மருமக என்னைய விடமாட்டேங்கிறா. மொதப் படம் அந்தக்காதான் எடுக்கணுமின்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அவளக் கூட்டிட்டு வா. இல்லன்னா நம்பரக் குடு, நானே பேசி மாப்புக் கேட்டுக்கிறேன்.”

அவளிடம் போன் இல்லை என்றேன்.

“பஜார்ல எங்க கட்டடத்துல ஒரு ரூம்பு சும்மாதான் கெடக்கு. அவளுக்குன்னே ஒரு ஸ்டுடியோ வச்சுக் குடுத்துருவோமின்னு எம் மகன் சொல்றான். புதுக் கேமராவும் வாங்கித் தாரானாம். நீயும் அவகூட இருந்து ஒத்தாசை பண்ணிக்க.”

நான் அவளுக்கு ஒத்தாசை.

சரிம்மா, சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். அப்புறம் வாசலில் போய் நின்றேன். போர்டு வெயிலில் வெளுத்துப் போயிருக்கிறது, மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 10, வியாழன்

செவ்வாய்க்கிழமை ஏனோ பாண்டீஸ்வரி கூப்பிடவில்லை. இன்று காலை, நான் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தது.

“மதினி, நாள் வந்துருச்சுல்ல. கெட்ட கெட்ட கனவா வருது. சேதி உண்டா?”

என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. இதை யார் வேண்டுமானாலும் நம்பலாம். நல்ல சேதிதான் வாயில் இருந்தது. சொன்னால் அவள் மறு பஸ்ஸில் சாத்தூர் போய்விடுவாள். பஜாரில் அவள் போர்டு தொங்கும். இங்கே நான் இந்த முன்னறையில் உட்கார்ந்துகொண்டு தெற்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. பெருமூச்சு விட்டேன். அவ்வளவுதான் செய்தேன்.

“மதினி? என்ன மதினி?”

கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

“போயிருச்சா மதினி? புள்ள போயிருச்சா?”

“என்னத்தடி சொல்லச் சொல்ற” என்றேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன், ஆகவில்லை. “எங் கையி” என்றாள். அழுகை இல்லாமல் சொன்னாள். “எங் கையாலதான மதினி போட்டேன்.”

“விதி. விடு. யாரும் ஒன்னயத் தேடி வரமாட்டாக, நான் பாத்துக்கிறேன். நீ மட்டும் அந்தப் பக்கம் தலை காட்டிறாத” என்றேன். அவள் நன்மைக்குத்தான் சொன்னேன்.

“சரி மதினி” என்று வைத்துவிட்டாள். நான் பிள்ளை செத்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகக் கேட்டாள், அவளாகப் புரிந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

தீட்டுக் கழிந்ததும் சாத்தூர் போனேன். குழந்தை கொழுகொழுவென்று ரோஸ் நிறத்தில் இருக்கிறது. பவதாரிணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக்கா வரலையா?”

“எவ்வளவோ சொல்லிப் பாத்தேம்மா. இன்னும் உங்க மேல கோவம் போகல அவளுக்கு. அந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டா.”

ராஜாமணி அம்மாள், “அவ சொல்றதுலயும் நாயம் இருக்கு” என்று தலையைக் குனிந்துகொண்டார். பவதாரிணி அழுதாள். பச்சை உடம்புக்காரி அழக் கூடாது என்று நான்தான் தேற்றினேன். அப்புறம் குழந்தையை ஜன்னலோரம் கிடத்தி எடுத்தேன். நிறைய எடுத்தால் ஒன்றாவது தேறும். தேறியது.

திரும்பும்போது அந்த பஜார் ரூமை எனக்குத் திறந்து காட்டினார்கள். நல்ல வெளிச்சம்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

குழந்தை படத்தை ஸ்டேட்டஸில் போட்டேன். போடுவதற்கு முன்னால் பாண்டீஸ்வரி நம்பருக்கு மட்டும் தெரியாதபடி செய்துவிட்டேன்.

மத்தியானம் அவள் அம்மா போன் பண்ணினார். பாண்டீஸ்வரி வீட்டு வேலையெல்லாம் செய்கிறாளாம், பேசுகிறாளாம், ஆனால் கயலைத் தொடமாட்டேன் என்கிறாளாம். சாப்பாடு ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் பாட்டிதான். பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவிவிடச் சொல்லி அந்தப் பிள்ளை சீப்பை எடுத்துக்கொண்டு போய் நின்றால், கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு சுவரோரம் ஒதுங்குகிறாளாம். எங் கை ஒன் மேல படக் கூடாது தங்கம், தள்ளிப் போ என்கிறாளாம். பிள்ளை சீப்போடு நின்று அழுகிறதாம்.

“நீங்க சொன்னாத்தான் கேப்பா. ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா” என்றார்.

“நாள் போகப் போகச் சரியாயிரும்த்தை” என்றேன்.

பேசிவிட்டு வைப்பதற்குள் கோவில்பட்டியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வாட்ஸப்பில் மெசேஜ் வந்துவிட்டது. குழந்தை படம் எடுக்க என்ன ரேட் என்று கேட்டிருக்கிறார்கள்.